மூன்று தண்ணீர் அலசல்

ஏழைக் குழந்தைகளை முன்னேற்றுவது என்றால் மேடத்துக்கு உயிர். பக்கத்தில் கேமரா இருந்தால் இரண்டு உயிர்.

மேடம் நடத்திய இளையோர் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி வழவழப்பான தாளில் ஒரு கையேடு உண்டு. முதல் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு சிறுமி. கன்னத்தில் அழுக்கு, கையில் ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில் அதே சிறுமி, அதே மொட்டைத் தலை. கன்னம் சுத்தம், கையில் வயலின். நடுவே பதினாறு பக்கங்களும் மேடத்தைப் பற்றியவை. இரண்டு படங்களும் ஒரே நாள் காலையில் பத்து நிமிட இடைவெளியில் எடுக்கப்பட்டவை, அந்தப் பத்து நிமிடத்தில் அவள் வாழ்க்கையை மாற்றியது ஒரு ஈரத்துணி என்பதெல்லாம் கையேட்டில் இல்லை. பேன் தொல்லை தாங்காமல் அவள் அப்பா அடித்துவிட்ட மொட்டை அது. முடி வளர்ந்து காதை மூடிய பிறகும் அவள் எல்லாருக்கும் மொட்டைதான். படம் எடுக்கும்போது அவளுக்கு முதல் வரிசை. வாசிக்கும்போது நாலாவது வரிசை.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சில்லு உட்காருவாள். பதினோரு வயது. உடைந்த ஓட்டுத் துண்டு மாதிரி சின்னதாக, கூர்மையாக இருப்பாள். இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குக் குடியிருப்பில் ஒரே மாடி. அங்கிருந்து மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள் வயலின் கற்க வந்தார்கள். மரச்சாமான் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் வகுப்பு. கீழே யாராவது அலமாரியை இழுத்தால் மேலே வயலின்களும் சேர்ந்து முனகும்.

நிகழ்ச்சி நாட்களில் மட்டும் முதல் வரிசைக்கு ஆறு பேர் புதிதாக முளைப்பார்கள். நகரத்தின் இன்னொரு பக்கத்தில் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கும் அதே மஞ்சள் பனியன், அதே ‘நான் மலர்கிறேன்’ வாசகம். காதில் விழுகிற இசை அந்த ஆறு பேருடையது. மற்ற இருபத்தாறு பேரும் கண்ணுக்கு.

சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர் இருந்தார். ஒரு காலத்தில் பெரிய பெரிய அரங்குகளில் வாசித்தவர் என்றது கையேடு. எந்தக் காலம், எந்த அரங்கு என்று சொல்லவில்லை. வலது கையில் குச்சி, இடது கையில் செல்போன். இரண்டு வருடத்தில் அவர் இரண்டாவது வரிசையைத் தாண்டி வந்ததில்லை. அதற்கு மேல் தரை பலமில்லை என்று யாரோ சொல்லி வைத்தது போல.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. தூரத்தில் இருக்கும் இசைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நிகழ்ச்சியைக் கேட்க வருகிறார். ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். பதின்மூன்று வயது ஆகியிருக்கக் கூடாது.

அன்று வீட்டுக்கு வந்து சில்லு இதைச் சொன்னபோது, அவள் அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். தோல் உரிந்து, வெளுத்து, ரேகை அழிந்த கைகள். மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் ஊறியவை.

“நல்லா பாத்துக்கோ. இது உனக்கு வேண்டாம். அந்த ஸ்கூலுக்கு நீதான் போற.”

அந்த மாடியில் பெண் பிள்ளைகள் பதினாலு வயதில் அம்மாவோடு அடித்தளத்துக்கு இறங்குவதுதான் வழக்கம். அதற்கு யாரும் கையேடு அச்சடிக்கவில்லை.

அம்மா தன்னால் முடிந்ததைச் செய்யத் தொடங்கினாள். அவளால் முடிந்தது சுத்தம். மகளின் மஞ்சள் பனியனைக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். வயலின் பெட்டியைத் துடைத்தாள். திறந்து பார்த்தால் வயலின் மேல் மாவு கொட்டினாற்போல வெள்ளைத் தூள். வில்லின் குதிரை முடி கைப்பிடி ஓரத்தில் கருத்துப்போய்ப் பிசுபிசுத்தது. இந்த லட்சணத்தில் வாசித்தால் எந்தத் தலைமையாசிரியை எடுப்பாள் என்று நினைத்து, வில்லைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப் போனாள். திருகைத் தளர்த்தி, மரத்தில் ஈரம் படாமல் துணி கட்டி, முடியை மட்டும் சோப்பில் முக்கித் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். இருபது வயசுக்காரியின் தலைமுடி போல மின்னியது.

சில்லு வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தாள். ஈரக் கண்ணாடியில் விரல் வழுக்குவது போல வழுக்கிக்கொண்டு போனது.

அந்த வெள்ளைத் தூள் அழுக்கில்லை, ரோசின், அது முடியில் ஒட்டியிருந்தால்தான் தந்தியைப் பிடிக்கும், சத்தம் வரும் என்று அவள் அழுதுகொண்டே விளக்கினாள். அதைத் தேய்க்கும் கட்டி மாஸ்டரின் சட்டைப் பையில் இருந்தது. மாதத்துக்கு இரண்டு முறைதான் வெளியே வரும். மறுநாளே பல் டாக்டர்கள் சங்கத்தின் மதிய விருந்தில் வாசிக்க வேண்டும். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

விருந்தில் சில்லு ஊமை வில்லை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மாஸ்டர் எழுந்து, முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டி, நாலாவது வரிசைக்கே வந்தார். தொலைந்தேன் என்று சில்லு நினைத்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். இன்றைக்கு இந்த மூலைதான் தெளிவாக இருந்தது, இரண்டு வருடத்தில் அவள் உருப்படியாக வாசித்தது இன்றைக்குத்தான் என்றார்.

“நான் வாசிக்கவே இல்ல மாஸ்டர். அம்மா வில்லைக் கழுவிட்டாங்க.”

மாஸ்டருக்குத் தொலைந்த சாவி கிடைத்தது போலிருந்தது. எப்படிக் கழுவினாள், எந்த சோப்பு, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டார். மறு உத்தரவு வரும்வரை அந்த வில்லுக்கு ரோசின் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று இருபத்தாறு பேருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, இருபத்தாறு வில்லைக் கழுவுவது சுலபம். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

மூன்றாம் நாள் மேடமே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அவர் எங்கே போனாலும் அவருக்குப் பத்தடி முன்னால் அவர் சென்ட்டு போகும். அன்று படிக்கட்டிலேயே அது ப்ளீச்சிங் வாசனையிடம் தோற்றுத் திரும்பியது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று, எவ்வளவு உன்னதமான தொழில் என்றார். பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன்னதத்துக்கு ஒருநாள் மாற்று ஆள் கிடைக்குமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

மேடம் விஷயத்துக்கு வந்தார். தலைமையாசிரியை வரும் நாளில் பின்வரிசைச் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பிள்ளைகளை நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் முப்பத்திரண்டு பேர் என்று கையேட்டில் அச்சாகிவிட்டது. ரோசின் போடாமல் நிறுத்தினாலும் பழைய தூளே வாரக் கணக்கில் கத்தும். ஆகவே மற்ற இருபத்தைந்து வில்லையும் சில்லுவின் அம்மா கழுவித் தர வேண்டும்.

“உங்க பொண்ணு வில்லுக்கு மட்டும் நான் புதுக் கட்டியே வாங்கித் தர்றேன். ரெண்டாவது பாட்டுல நடுவுல நாலு வரி பின்வரிசைக்குத்தான் வருது. அதுல அவ ஒருத்தி சத்தம் மட்டும் கேக்கும். அந்தம்மா வேற யாரை எடுக்கப் போறாங்க சொல்லுங்க?”

“அப்ப மத்த பிள்ளைங்க?”

“அவங்களும் மேடையில இருப்பாங்களேம்மா. அந்த அனுபவம் போதாதா? கேக்கணும்னு என்ன இருக்கு?”

அம்மா அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். மேடம் படிக்கட்டில் கால் வைத்தவர் திரும்பி, இன்னொன்றையும் சொன்னார்.

“அலச வேண்டாம். சோப்போடயே காய வச்சிடுங்க. அப்பதான் யாராவது ரோசின் தேய்ச்சாலும் பிடிக்காதுன்னு மாஸ்டர் சொல்றார்.”

“அலசாமயா?” என்று கேட்டாள் அம்மா. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது இல்லாத அதிர்ச்சி இப்போது அவள் குரலில் இருந்தது.

அவள் கோபப்பட்டு மறுத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மறுக்கவில்லை. கொண்டுவந்து போடச் சொன்னாள். அந்த இருபத்தைந்து பேரில் மொட்டையும் ஒருத்தி, தன் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அடித்தளத்திலிருந்து மேலே போக ஒரே ஒரு படி போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு கால்தான் வைக்க முடியும் என்றால், தன் பெண்ணின் கால்தான் முதலில் அவள் நினைவுக்கு வந்தது.

நிகழ்ச்சி நாள் காலையில் அட்டைப் பெட்டியில் வில்கள் வந்தன. ‘பராமரிப்பு’ என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. இரண்டு வருடத்து அழுக்கு. அம்மா ஒவ்வொன்றாகத் திருகைத் தளர்த்தி, மரத்துக்குத் துணி சுற்றி, சோப்பில் முக்கித் தேய்த்தாள். முதல் வில்லை நுரையோடு கொடியில் மாட்டப் போனாள். கை போகவில்லை.

அந்தப் பிரிவில் கைச்சலவையை அலச மூன்று தொட்டிகள் வரிசையாக உண்டு. முதல் தண்ணீர் சோப்பை எடுக்க வேண்டும். இரண்டாவது தண்ணீர், முதல் தண்ணீரை எடுக்க வேண்டும். மூன்றாவது தண்ணீர் வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சோப்பு தங்கிய விரிப்பில் இரண்டு நாள் படுத்தால் நோயாளியின் முதுகு தோலுரிந்துபோகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அப்படி ஒரு முதுகை அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து அலசாத ஒரு தலையணை உறைகூட மாடி ஏறியதில்லை.

வில் தானாக முதல் தொட்டிக்குப் போனது. மடிக்கும் மேசையிலிருந்தவள் பார்த்துவிட்டாள். அந்தச் சென்ட்டு அலச வேண்டாம் என்றுதானே சொன்னது, பேசாமல் விடுங்கள் அக்கா என்றாள்.

“சோப்போட ஒண்ணை இங்கேருந்து நான் வெளிய விட்டதில்ல.”

“இது துணி இல்லக்கா. குதிரை வாலு.”

“குதிரைன்னா அரிக்காதா?”

மேசையிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வில்லையும் மூன்று தண்ணீர் அலசி, மின்விசிறிக்குக் கீழே கொடியில் தொங்கவிட்டாள். நியாயம் அநியாயம் எதையும் அவள் அப்போது யோசிக்கவில்லை. கழுவச் சொன்னார்கள், கழுவினாள். அரைகுறையாகக் கழுவச் சொன்னார்கள், அதற்கு அவள் கையில் பழக்கமில்லை. சலவைக்காரியிடம் போய் சோப்பை விட்டுவிடச் சொன்னது மேடத்தின் தப்பு.

மாலை நிகழ்ச்சிக்கு முன், மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் பிள்ளைகள் காத்திருந்தபோது, அம்மா வில்களைப் படுக்கை விரிப்பில் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். மேடம் அனுப்பிய புதுக் கட்டி காலையிலேயே சில்லுவின் பைக்கு வந்திருந்தது. தேன் நிறத்தில், கண்ணாடித் துண்டு போல. புதுசு சீக்கிரம் தூள் விடாது, கீறிவிட வேண்டும். அம்மா தன் சீருடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

“சோப்போட விடச் சொன்னாங்க. எனக்கு வரலை. மூணு தண்ணி அலசிட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பார்வையாளர் பக்கம் போனாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சில்லுவுக்குத் தெரியும். சோப்பு இல்லையென்றால் எந்த வில்லும் ரோசினைப் பிடிக்கும். தேய்க்கத் தன் பையில் கட்டி இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்காவிட்டால் கேட்பது தன் ஒருத்தி சத்தம்.

அவள் தன் வில்லுக்கு மட்டும் தேய்த்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி அந்த நாலு வரியை மெல்ல வாசித்துப் பார்த்தாள். முதல் சுரமே தப்பு. இன்னொரு முறை. மறுபடி தப்பு. இரண்டு வருடமாக அந்த முதல் சுரத்தைப் பிடித்துக் கொடுத்தது பக்கத்து நாற்காலி என்பது அப்போதுதான் உறைத்தது. மொட்டை சுரத்தைப் பிடிப்பாள், சில்லு அதில் ஏறிக்கொள்வாள். மொட்டைக்குத் தாளம் நிற்காது. சில்லுவின் கால் தட்டுவதைப் பார்த்துத்தான் அவள் வில்லை மாற்றுவாள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு வயலின். மேடத்தின் கணக்கில் இது வரவில்லை. வகுப்பில் மாஸ்டர் ஒருநாளாவது நாலாவது வரிசை வரை வந்து கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மொட்டை தன் வில்லை இழுத்துப் பார்த்துவிட்டு, மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

“ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது. என்னோடது செத்துப்போச்சுடி.”

சில்லு பையில் கையை விட்டாள். வெளியே எடுக்கவில்லை. மேடைப் பக்கம் யாரோ நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு கட்டியை எடுத்து மொட்டையின் மடியில் போட்டாள்.

“சீக்கிரம் தேய். எனக்கு முதல் சுரம் வேணும்.”

ஒருத்திக்குக் கொடுத்தது மற்ற இருபத்து நாலு பேர் கண்ணிலும் பட்டது. எனக்கு, எனக்கு என்று கை நீண்டது. திருப்பி வாங்க முடியவில்லை. கால் மணி நேரத்தில் கட்டி பாதியானது. அறை முழுக்க வெள்ளைப் புகை. ஒரு பையன் தும்மிக்கொண்டேயிருந்தான். மேடத்தின் ஆட்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பனியன்கள் மேல் தூள் படிந்திருப்பதைப் பார்த்து, ஏழ்மை நன்றாகத் தெரிகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

மேடையில் மாஸ்டர் முன்னெப்போதும் இல்லாத நிம்மதியோடு குச்சியை உயர்த்தினார்.

இரண்டு வருட அழுக்கு போன முடி, அதில் புத்தம் புது ரோசின். அந்த வில்கள் பிறந்ததிலிருந்து அப்படித் தந்தியைப் பிடித்ததில்லை. கிடங்கின் இரும்புக் கதவை இருபத்தாறு பேர் சேர்ந்து இழுத்தது போல ஒரு சத்தம் எழுந்தது. முதல் வரிசை ஆறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஆள் இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மாஸ்டர் இடது கையால் சத்தத்தை அமுக்கு, அமுக்கு என்று சைகை காட்டினார். இரண்டு வருடமாக அந்தக் கை செல்போனைத்தான் பிடித்திருந்தது, அதன் சைகைகள் யாருக்கும் பழக்கமில்லை. வில்லை அழுத்தச் சொல்கிறார் என்று நினைத்து, பிள்ளைகள் அழுத்தினார்கள்.

மேடத்தின் புன்னகை அசையவில்லை. எதிரில் கேமரா இருந்தது. கொடையாளிகள் பாட்டு முடியும் முன்னால் ஒரு தடவையும், முடிந்த பின்னால் ஒரு தடவையும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம், ஆன்மா பேசுகிறது என்றார். பேசியது ஆன்மாவா, தொண்டையில் கத்தி வைத்த ஆடா என்று அவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர் கொடுக்க மாட்டார், தெரியாதவர்தான் கொடுப்பார் என்பது மேடத்தின் அனுபவம்.

இரண்டாவது பாட்டு. நாலு வரி வந்தது. முன்வரிசை நின்றது. மொட்டை முதல் சுரத்தைப் பிடித்தாள். சில்லுவின் கால் தட்டியது. மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு வரியும் நேராக நடந்துபோய் அந்தப் பக்கம் சேர்ந்தன.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் டீக்கு எழுந்தபோது, ஐந்தாவது வரிசையிலிருந்து ஓர் அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே மேடை ஏறினார். பருத்த உருவம், ஜலதோஷம், கையில் நோட்டுப் புத்தகம். இவர்தான் தலைமையாசிரியை. மேடம் டீ தயாராக இருப்பதையும், படம் எடுப்பவர் காத்திருப்பதையும் சொன்னார். டீ ஆறட்டும் என்றார் அந்த அம்மாள். முதல் நாற்காலியில் இருந்த பையனைப் பார்த்து, உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்.

“பல் டாக்டர்.”

“சட்டையில நான் மலர்கிறேன்னு போட்டிருக்கே.”

“இது மேடத்தோடது ஆன்ட்டி. போகும்போது திருப்பிக் குடுத்துடணும்.”

அந்த அம்மாள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். ஆறு பேரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, பின்வரிசையை ஒவ்வொருவராக அந்த நாலு வரியை வாசிக்கச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஆனது. பாதியிலேயே கொடையாளிகள் கலைந்தார்கள். கேட்பதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. மேடம் மட்டும் உட்கார்ந்திருந்தார், முதல் முறையாகத் தன் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டுக்கொண்டு. தண்டனை அனுபவிக்கிறவர் முகம்.

சில்லு வாசித்தாள். முதல் சுரத்துக்கு மொட்டையைப் பார்த்தாள். மொட்டை வாயை மூடியபடியே அதை மெல்ல முனகிக் கொடுத்தாள். தலைமையாசிரியை அதைக் கவனித்தார்.

“தாளம் சுத்தமா இருக்கு. மூணாவது விரல் கீழ விழுது. யாரும் சொல்லலையா?”

“யாருக்கும் கேட்டதில்லைங்க.”

அடுத்தது மொட்டை. தாளம் தள்ளாடியது. ஆனால் சுரம் ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் இருந்தது. அந்த அம்மாள் மூக்குச் சிந்துவதை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இன்னொரு முறை.

மொட்டையைத்தான் எடுத்தார்.

மேடம் அவசரமாக எழுந்து வந்தார். அதோ நிற்கிறாளே, அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்காரி, மகளோ வயலின், இதைவிட உருக்கமான கதை கிடைக்காது என்று சில்லுவைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். மொட்டையின் அப்பா சாதாரணமாக ஒரு லாரியில் லோடு ஏற்றுகிறவர், அதில் என்ன இருக்கிறது.

“எனக்குக் கதை வேண்டாம். காது வேணும்,” என்றார் தலைமையாசிரியை. பிறகு சில்லுவிடம், “உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அடுத்த வருஷமும் வருவேன். இதே மாதிரி ஒவ்வொருத்தராத்தான் கேப்பேன். விரலைச் சரிபண்ணி வை” என்றார்.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். மருத்துவமனை மதில் முடியும் இடத்தில் அம்மா ஆரம்பித்தாள்.

“கட்டி உன்னோடது.”

“ஆமா.”

“போறது அவ.”

“ஆமா.”

“பேசாம சோப்போட விட்டிருக்கணும். என் புத்தி.”

“விட்டிருந்தா முதல் சுரத்துலயே நான் மாட்டியிருப்பேன். தனியா வாசிச்சா நான் கண்றாவிம்மா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

அம்மா அதற்குச் சமாதானம் ஆகவில்லை. இரண்டு நாள் மகளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மொட்டை கொண்டுபோக வேண்டிய துணிகளையெல்லாம் வாங்கிவந்து தானே துவைத்துக் கொடுத்தாள். அப்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேடத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அவர் மாதிரி ஆட்களுக்கு வராது. தன் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து ஒரு பிள்ளை இசைப் பள்ளிக்குப் போகிறது என்று புதுக் கையேட்டுக்கு ஏற்பாடு செய்தார். படம் எடுப்பவர் வந்து மொட்டையைப் பார்த்துவிட்டு, தலையில் முடி இருந்தால் பழைய படத்தோடு பொருந்தாது, இன்னொரு முறை மொட்டை அடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவள் அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்து பதில் சொன்னார். படம் எடுப்பவர் தன் முக்காலியைக்கூட மடிக்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

மொட்டை இசைப் பள்ளிக்குப் போய்விட்ட பிறகு வந்த திங்கட்கிழமை, வகுப்பில் நாலாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மாஸ்டர் குச்சியை ஆட்டத் தொடங்கினார். சில்லு எழுந்து தன் நாற்காலியைத் தூக்கினாள். மூன்றாவது வரிசையைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். மீதிக் கட்டியை மருத்துவமனைத் துணியில் முடிந்து பையில் வைத்திருந்தாள். எடுத்து நிதானமாக வில்லில் தேய்த்தாள். தூள் அவர் செருப்பில் விழுந்தது.

“மாஸ்டர், மூணாவது விரலை எங்க வைக்கணும்?”

இடத்துக்குப் போ, எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது தானாக வரும் என்றார் அவர். அவள் போகவில்லை. வாசித்தாள். தப்பு வந்தது. நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்த இருபத்து நாலு பேரும் வில்லைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்த்தார்கள்.

மாஸ்டர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“கொஞ்சம் மேல.”

“எவ்வளவு?”

அவர் குனிய வேண்டியதாயிற்று. அவள் விரலைப் பிடித்து, தந்தியில் ஒரு நெல் அளவு நகர்த்தி வைத்தார். அவள் இழுத்தாள். சரியாக வந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். தப்பாக வந்தது.

“இன்னொரு தடவை, மாஸ்டர்.”

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. சில்லுவுக்கு ஒரு வருடம் இருந்தது.